லூயிஸ் ஹெரால்ட் கிரே

லூயிஸ் ஹெரால்ட் கிரே 1905ஆம் ஆண்டு பிறந்தார். உதவித்தொகை பெற்றுப் படித்த அவர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். 1933ஆம் ஆண்டு லண்டனுக்கு அருகிலுள்ள மவுண்ட் வெர்னன் மருத்துவமனையில் பணியில் சேர்ந்தார்.

அக்காலத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு ரேடியக் கதிர்களால் சிகிச்சை அளித்தனர். பலர் குணமடைந்தனர், சிலருக்கோ அதே சிகிச்சை பலன் தரவில்லை. இதற்குக் காரணம் என்ன?

கிரே தம் குழுவினருடன் சேர்ந்து ஒருவகை அவரைச் செடியின் வேர்களில் கதிர்களைச் செலுத்தி ஆராய்ந்தார். உயிர்வளி குறைந்த உயிரணுக்கள் கதிர்வீச்சைத் தாங்கிக்கொண்டன. அவற்றை அழிக்க ஏறக்குறைய மூன்று மடங்கு கதிர்வீச்சு தேவைப்பட்டது. புற்றுக்கட்டியின் உட்பகுதிக்கு இரத்தம் சரிவரச் செல்வதில்லை. அதனால், உயிர்வளி கிடைக்காத உயிரணுக்கள் சிகிச்சைக்குப் பின்னும் பிழைத்து, மீண்டும் பெருகக்கூடும். கிரே குழுவினர் தங்கள் ஆய்வு முடிவுகளை 1953ஆம் ஆண்டு வெளியிட்டனர்.

கதிர்வீச்சைக் கூட்டினால் நலமான உறுப்புகளும் பாதிக்கப்படும். ஆகவே, அதைக் கூட்டாமலேயே கட்டியை வலுவிழக்கச் செய்ய மருத்துவர்கள் முயன்றனர். நோயாளிகளின் இரத்தசோகையைப் போக்கினர். அழுத்தம் மிகுந்த உயிர்வளியைச் சுவாசிக்கச் செய்தனர். இன்று கருப்பைவாய்ப் புற்றுநோயாளிகள் பலருக்குக் கதிர்வீச்சின் ஆற்றலைப் பெருக்க, சிஸ்பிளாட்டின் என்னும் மருந்தும் உடன் தரப்படுகிறது.

கிரே 1965ஆம் ஆண்டு மறைந்தார். பத்து ஆண்டுகளுக்குப் பின், உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகுக்குக் ‘கிரே’ எனப் பெயர் சூட்டப்பட்டது. இன்றும் புற்றுநோயாளிகளுக்குரிய கதிர்வீச்சின் அளவு அவர் பெயராலேயே குறிக்கப்படுகிறது.