புகார் என்றால் காய்ச்சல்: ஒரகடத்தில் நினைவுக்கு வரும் வேலூர் ஐடா

இந்தியில் புகார் என்றால் காய்ச்சல். சக்கர் என்றால் தலைசுற்றல். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்து வேலை செய்யும் ஒருவர் புகார் என்று சொல்ல, யார் மேலே புகார் சொல்றார்னு ஒரு நர்ஸ் திகைத்தால் அது அவர் தப்பில்லை. சக்கர் என்றதும் சர்க்கரை நோய் மனதில் ஓடினாலும் அப்படித்தான். சிரிக்கலாம். ஆனால் மாதவிடாய் வலியோடு வரும் ஒரு பெண்ணுக்கு மொழிபெயர்க்க லேபர் கான்ட்ராக்டர் வந்து பக்கத்தில் நின்றால்? அந்தப் பெண் வயிற்றுவலி என்பதோடு நிறுத்திக்கொள்வார். மாத்திரையும் அதற்கு மட்டும்தான் கிடைக்கும்.

இதே பிரச்னை இதைவிடக் கொடூரமாக ஒருவர் வீட்டு வாசலுக்கு வந்தது. திண்டிவனத்தில், 1890-களின் தொடக்கத்தில். அவர் ஐடா ஸ்கட்டர்.

1870-ல் ராணிப்பேட்டையில், அமெரிக்க மிஷனரி மருத்துவர் குடும்பத்தில் பிறந்தவர். இந்த ஊர் வேண்டாம், அமெரிக்காவிலேயே செட்டிலாகிவிடலாம் என்பதுதான் இளம்பெண் ஐடாவின் கனவு. உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்தவரிடம், ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்தார்கள். மூவரின் மனைவிக்கும் பிரசவச் சிக்கல். ஐடா டாக்டர் இல்லை. அவருடைய அப்பா ஜான் ஸ்கட்டர் டாக்டர். அவரை அனுப்புகிறேன் என்றார். வேற்று ஆண் எங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்க்கக் கூடாது என்று மூவருமே மறுத்துப் போய்விட்டார்கள். ஒருவர் இஸ்லாமியர், மற்றவர்கள் இந்துக்கள். மதம் வேறாக இருந்தாலும் பதில் ஒன்றுதான். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

அந்தக் கணவர்களைத் திட்டிவிட்டுக் கப்பல் ஏறியிருக்கலாம். ஐடா கப்பல் ஏறினார், ஆனால் டாக்டருக்குப் படிக்க. 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-ல் வேலூருக்கு வந்தார். அதே வருடம் அப்பா இறந்துவிட, தனியாளாக நின்றார். சின்னக் கிளினிக், 1902-ல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனையாக வளர்ந்தது. சிறுவயதிலிருந்தே தமிழ் தெரியும் என்பது பெரிய பலம். நோயாளி வரட்டும் என்று உட்கார்ந்திருக்கவில்லை. குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் நிறுத்தி நிறுத்தி வைத்தியம் பார்த்தார். முதலில் மாட்டு வண்டி, அப்புறம் ஒரு பெஜோ கார்.

ஐடாவிடம் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. தான் ஒருத்தி தமிழ் பேசினால் போதும் என்று அவர் விட்டுவிடவில்லை. 1909-ல் நர்ஸிங் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அடுத்தவர் மலம், ரத்தத்தைத் தொடும் வேலை என்று நல்ல குடும்பத்துப் பெண்களை அனுப்பத் தயங்கிய காலம் அது. ஆனாலும் உள்ளூர்ப் பெண்கள்தான் வேண்டியிருந்தார்கள். எந்த வீட்டில் யார் சொன்னால் கேட்பார்கள், பிள்ளை பெற்றவளுக்கு என்ன பத்தியம் வைப்பார்கள் என்பதெல்லாம் கடல் கடந்து வந்த நர்ஸுக்கு எப்படித் தெரியும்? 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. 1946-ல் அங்கே பி.எஸ்சி நர்ஸிங்கும் வந்துவிட்டது. மதம் பரப்ப வந்த குடும்பம்தானே என்ற விமர்சனம் உண்டு. அதை மறைக்க வேண்டியதும் இல்லை. ஆனால் திரைக்குப் பின்னால் இருந்த பெண்களிடம் மருந்து போய்ச் சேர்ந்தது.

இன்றைக்கு வேலூர் சி.எம்.சி வாசலில் நின்று பாருங்க. கடைப் பலகைகளில் வங்காள எழுத்து. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வங்கதேசத்திலிருந்து வரும் நோயாளிகளோடு பழகிப் பழகி, லாட்ஜ் பையன்கூட இந்தியும் வங்காளமும் பேசுவார்.

அதே சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில்தான் ஸ்ரீபெரும்புதூரும் இருக்கிறது. இங்கே பெண் தொழிலாளர்களுக்கு முதலில் தேவை, கான்ட்ராக்டரை வெளியே நிற்கச் சொல்லும் ஒரு நர்ஸ். அப்புறம் அவர்களின் மொழி தெரிந்த, அவர்களில் ஒருத்தியாகவே இருக்கும் ஒரு உதவியாளர். ஒடியா பேசும் ஒரு பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்து அந்த அறையில் உட்காரவைப்பது, 1909-ல் ஐடா செய்ததைவிடக் கஷ்டமான காரியம் இல்லைங்க.

ஐடா கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. 1960-ல், 89 வயதில் கொடைக்கானலில் இறந்தார்.