ஆயிரம் யென் நோட்டில் இருந்தவர்

மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க்குழுவிலிருந்து மூன்று முறை போன் வந்துவிட்டது. மெஸ் சாம்பார், ஒர்க்‌ஷாப்பில் உடைத்த ஹேக்ஸா பிளேடுகள், செகண்ட் ஷோ பார்த்துவிட்டுச் சுவரேறிக் குதித்தது எல்லாவற்றையும் மற்ற நண்பர்கள் எழுதிவிடுவார்கள். என்னைவிட நன்றாகவே எழுதுவார்கள். நான் வேறு ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். நம் கல்லூரிக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஜப்பான்காரர், 1916-லேயே காலமாகிவிட்டவர். பெயர் நட்சுமே சோசெகி.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் என்னை ஆறு மாதப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்பினார்கள். பகலில் தொழிற்சாலை, சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஜப்பானிய மொழி வகுப்பு. பாடம் சொல்லித் தந்த அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். ஒருநாள் பழைய ஆயிரம் யென் நோட்டு ஒன்றைக் காட்டி, இதில் இருப்பவர் யார், சொல் பார்க்கலாம் என்றார். அடர்ந்த மீசை, கோட்டு, கொஞ்சம் சோகமான கண்கள். மந்திரி என்றேன். இல்லை. தளபதி? அதுவும் இல்லை. இங்கிலீஷ் வாத்தியார் என்றார். 1984 முதல் 2004 வரை அந்த நாட்டு ஆயிரம் யென் நோட்டில் இவர் படம்தான். வாத்தியார் படத்தை ரூபாய் நோட்டில் போடும் ஊரா என்று ஆச்சரியப்பட்டு, அவர் எழுதியவற்றை ஆங்கில மொழிபெயர்ப்பில் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

1867-ல் டோக்கியோவில் பிறந்தவர். வீட்டில் கடைக்குட்டி. ஏற்கெனவே ஏகப்பட்ட பிள்ளைகள் இருந்ததால் சிறு குழந்தையிலேயே தத்துக் கொடுத்துவிட்டார்கள். முகத்தில் அம்மைத் தழும்பு வேறு. இதில் நம்மவர்களுக்குப் பிடிக்கக்கூடிய விஷயம், அவர் முதலில் படிக்க நினைத்தது கட்டடக் கலை. உடன் படித்த சிநேகிதர் ஒருவர்தான் தடுத்துவிட்டார். நீ எத்தனை முட்டி மோதினாலும் இந்த ஜப்பானில் லண்டன் செயின்ட் பால் தேவாலயம் மாதிரி ஒன்றைக் கட்டிவிட முடியாது, இலக்கியத்துக்குப் போ என்றாராம். இவரும் சரியென்று ஆங்கில இலக்கியத்துக்கு மாறிவிட்டார். கவுன்சலிங்கில் பக்கத்து நாற்காலிக்காரர் பேச்சைக் கேட்டுப் பிரிவை மாற்றியவர்கள் நம் பேட்சிலும் உண்டே!

படிக்கும் காலத்தில் அவருக்குக் கிடைத்த இன்னொரு நண்பர் மசவோகா ஷிகி. இருவருக்கும் ஒரே வயது. ஷிகி பேஸ்பால் பைத்தியம், கவிதைப் பைத்தியம். பட்டம் வாங்காமலே பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறியவர். ஹைக்கூ கவிதையைப் புதுப்பித்தவர் என்று இன்று உலகம் அவரைக் கொண்டாடுகிறது. சோசெகி என்பதே ஷிகி தனக்காக வைத்திருந்த புனைபெயர்களில் ஒன்று. நட்சுமே கின்னோசுகே என்ற நிஜப் பெயரை ஜப்பானிலும் அதிகம் பேர் சொல்வதில்லை. சிநேகிதனின் பெயரோடுதான் இவர் நிலைத்திருக்கிறார்.

1893-ல் பட்டம் வாங்கி, மட்சுயாமா, குமமோட்டோ என்று தூரத்து ஊர்களில் ஆங்கில ஆசிரியராக இருந்தவருக்கு 1900-ல் கல்வி அமைச்சிலிருந்து உத்தரவு வந்தது. இரண்டு வருடம் இங்கிலாந்து போய் ஆங்கிலம் படித்துவிட்டு வரவேண்டும். தேசம் முழுக்க ஆங்கிலம் கற்பிக்க ஆள் வேண்டியிருந்த காலம். இதில் ஒரு சிக்கல். உத்தரவில் இருந்தது ஆங்கில மொழி, இவர் படித்ததோ இலக்கியம். நேரில் போய்க் கேட்டார். ரொம்பக் கறாராக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்கிற தோரணையில் பதில் கிடைத்தது. தானாக ஆசைப்பட்டுப் போகவில்லை, மறுக்கக் காரணம் இல்லாததால் போனேன் என்றுதான் பிற்பாடு எழுதியிருக்கிறார். வயது 33, வீட்டில் மனைவியும் ஒரு பெண் குழந்தையும். மனைவி மறுபடி கர்ப்பம்.

யோகோஹாமாவில் செப்டம்பர் 8 அன்று கப்பல் ஏறினார். வழியில் கொழும்பில் இறங்கி, அந்த ஊர்ச் சோறும் கறியும் சாப்பிட்டதை டைரியில் குறித்திருக்கிறார். அதைப் படித்தபோது எனக்கென்னவோ தெரிந்தவர் வீட்டுக்கு வந்துபோன மாதிரி இருந்தது. ஜெனோவாவில் கரையேறி, பாரிஸில் பொருட்காட்சி பார்த்துவிட்டு, அக்டோபர் 28 அன்று லண்டன் போய்ச் சேர்ந்தார்.

முதலில் கேம்பிரிட்ஜில் சேரலாமா என்று பார்க்கப் போனார். அங்கே அவரை வரவேற்ற பெம்ப்ரோக் கல்லூரிப் பாதிரியார் யார் தெரியுமா? பிற்பாடு இந்தியாவுக்கு வந்து காந்திஜிக்கும் தாகூருக்கும் நெருங்கியவராகி, நாம் தீனபந்து என்று அழைத்த சி. எஃப். ஆண்ட்ரூஸ்! ஆனால் அங்கே படிக்கிற பிள்ளைகள் செலவழித்த பணத்தைப் பார்த்ததும் இவர் திரும்பிவிட்டார். அரசாங்கம் தந்த உபகாரச் சம்பளம் வருடத்துக்கு 1800 யென், அதாவது மாதம் சுமார் 15 பவுன். அறைக்கும் சாப்பாட்டுக்கும் அதில் பெரும் பங்கு போய்விடும். ஊரில் மனைவி க்யோகோவுக்கு மாதம் 25 யென். அதிலும் போர்க்கப்பல் கட்டும் நிதிக்கு என்று பத்தில் ஒரு பங்கு பிடித்தம்!

லண்டனில் இரண்டு வருடத்தில் ஐந்து ஜாகை மாற்றினார். பல்கலைக்கழகக் கல்லூரியில் கெர் என்ற பேராசிரியரின் வகுப்புக்குச் சில வாரம் போய்ப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார். போக வர நேரமும் காசும்தான் கரைகிறது என்று பட்டிருக்கிறது. அதற்குப் பதிலாக வாரம் ஒருமுறை கிரெய்க் என்ற அயர்லாந்துக்காரரிடம் தனிப்பாடம். பேக்கர் தெரு அருகே, பல மாடி ஏறிப் போகவேண்டிய வீடு. வேகமான அயர்லாந்துப் பேச்சு, பாதி புரியாது. புரியாவிட்டால் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம் நம்மவர். ஆசானுக்குத் தன் புத்தகம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. வேலைக்காரக் கிழவியைக் கூப்பிட்டால் அவள் வந்து சட்டென்று எடுத்துக் கொடுப்பாள். ஆனால் அவர் ஷேக்ஸ்பியரில் கரைகண்டவர். ஷேக்ஸ்பியர் சொற்களுக்கு ஓர் அகராதி செய்யவேண்டும் என்பதற்காகவே வேல்ஸில் பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு, தினம் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்க் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். அகராதி முடியாமலே 1906-ல் இறந்தும் போனார். இந்த மனிதரைப் பற்றி சோசெகி பின்னாளில் எழுதிய சிறு கட்டுரை எனக்கு அவருடைய நாவல்களைவிடப் பிடிக்கும்.

மற்றபடி அவருடைய தினசரி வாழ்க்கை என்னவென்றால், அறை, புத்தகக் கடை, மறுபடி அறை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பதில் பிஸ்கட்டைக் கடித்துவிட்டு, மிச்சம் பிடித்த காசுக்குப் பழைய புத்தகங்கள் வாங்குவார். வெளியே போய்வந்து துப்பினால் எச்சில் கறுப்பாக வரும், அத்தனை கரிப்புகை. தெருவில் எல்லோரும் இவரைவிட உயரம். உயரத்துக்கு வரி போட்டால் இவர்கள் கொஞ்சம் குறைவார்கள் என்று எண்ணிக்கொண்டே நடப்பாராம். எதிரே ஒரு குள்ளமான, விகாரமான ஆள் வருகிறானே என்று பார்த்தால், கண்ணாடியில் தெரிகிற தன் உருவமே. தம் முகத்துத் தழும்பைப் பற்றிய கூச்சத்தில், அந்த ஊரில் அம்மைத் தழும்பு முகங்கள் எத்தனை தென்படுகின்றன என்று எண்ணிப் பார்த்தவர் அவர்.

கேம்பர்வெல் என்ற பகுதியில் இவர் தங்கிய வீடு, பெண்கள் பள்ளிக்கூடம் நடத்தி நொடித்துப்போன குடும்பத்தினுடையது. அந்த வீட்டில் இவரைப் பார்த்து, டன்னல் என்றால் என்ன தெரியுமா, வைக்கோலுக்கு இங்கிலீஷில் என்ன தெரியுமா என்று கேட்டார்களாம். ஷேக்ஸ்பியர் படிக்க வந்தவரிடம்! அதே வீட்டு வேலைக்காரப் பெண் கிழக்கு லண்டன் கொச்சையில் பொழிந்தால் இவருக்கு ஒரு வார்த்தை விளங்காது. விக்டோரியா மகாராணி இறந்து 1901 பிப்ரவரி 2 அன்று ஊர்வலம் போனபோது, கூட்டத்தில் இவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று வீட்டுக்காரர் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். திருவிழாவில் அப்பா தோளில் பிள்ளை மாதிரி, 33 வயது ஆசிரியர்! அப்புறம் கடன்காரர்களுக்குப் பயந்து அந்தக் குடும்பம் டூட்டிங் என்ற இடத்துக்குக் குடிபெயர்ந்தபோது இவரும் கூடவே மூட்டை கட்டினார்.

அங்கேதான் 1901 மே மாதம் ஜெர்மனியிலிருந்து இகெடா கிகுனாயே என்ற ரசாயனக்காரர் வந்து ஒன்றரை மாதத்துக்கு மேல் உடன் தங்கினார். ஃப்ரைடு ரைஸில் போடுகிறார்களே அஜினோமோட்டோ, அதன் மூலப்பொருளைக் கடற்பாசிச் சாற்றிலிருந்து 1908-ல் பிரித்தெடுத்தவர் இவரே. இரண்டு பேரும் இரவெல்லாம் பேசினார்கள். விஞ்ஞானி ஒருவர் தன் விஷயத்தை அடியிலிருந்து பிடித்துக்கொண்டு போகும் விதம் சோசெகியை உலுக்கிவிட்டது. இலக்கியம் என்பது என்ன என்று அதே மாதிரி ஆராய்ந்தால் என்ன? இலக்கியப் புத்தகங்களையெல்லாம் பெட்டியின் அடியில் போட்டுப் பூட்டினார். மனோதத்துவம், சமூகவியல் என்று படித்து, ஈத்தலை அளவு எழுத்தில் குறிப்பெடுத்தார். குறிப்புத் தாள்கள் அரையடி உயரத்துக்கு வளர்ந்தன. ஆளோ இளைத்துக்கொண்டே போனார்.

கடைசி ஜாகை கிளாப்பம் பகுதியில், இரண்டு சகோதரிகள் நடத்திய வீடு. அங்கே அறைக்குள் அடைந்து, விளக்கில்லாமல் அழுகிறார் என்கிற அளவுக்குப் பேச்சுப் பரவியது. கல்வி அமைச்சுக்கு ஒழுங்காக அறிக்கை அனுப்பவேண்டும், இவர் வெற்றுத் தாளை அனுப்பினார் என்று சொல்வார்கள். (நான் தலைமை அலுவலகத்துக்கு வாராவாரம் அனுப்பிய பயிற்சி அறிக்கைகளில் விஷயம் அதைவிட அதிகமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன்.) நட்சுமேவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்ற செய்தி டோக்கியோவரை போயிற்று. காற்றாட வெளியே போகட்டும் என்று வீட்டுக்கார அம்மாள் சைக்கிள் கற்றுக்கொள்ளச் சொன்னார். 1902 இலையுதிர் காலத்தில் அந்த மேட்டுத் தெருக்களில் அவர் விழுந்து எழுந்த கதையைப் படித்தால் வயிறு வலிக்கச் சிரிக்கலாம். எழுதியவர் அப்போது என்ன நிலையில் இருந்தார் என்று தெரிந்த பிறகு அவ்வளவு சிரிப்பு வரவில்லை.

இந்த இரண்டு வருடமும் அவருக்கு ஒரே ஆறுதல் ஊர்க் கடிதங்கள். ஜனவரி 1901-ல் இரண்டாவது பெண் பிறந்தாள். கைக்குழந்தையோடு சிரமப்பட்ட மனைவிக்கு எழுத நேரமில்லை. ஏன் கடிதம் போடவில்லை என்று இவர் இங்கிருந்து கடிந்து எழுதியபடி இருந்தார்.

ஷிகி அப்போது டோக்கியோவில் முதுகெலும்புக் காசநோயோடு படுத்த படுக்கை. 1901 ஏப்ரலில் சோசெகி தன் லண்டன் ஜாகை, வீட்டுக்காரர்கள், வேலைக்காரி என்று வேடிக்கையாக எழுதி அனுப்பிய கடிதங்கள் அவருக்கு அவ்வளவு பிடித்துப்போய், தங்கள் ஹோட்டோடோகிசு பத்திரிகையிலேயே அச்சேறின. வெளிநாடு பார்க்கவேண்டும் என்று கிடையாய்க் கிடந்து ஆசைப்பட்டவர் ஷிகி. அந்த நவம்பரில் அவர் எழுதினார். தன் கதை முடிந்துவிட்டது, காரணமில்லாமல் தினமும் அழுகிறேன், முடிந்தால் அதே மாதிரி இன்னொரு கடிதம் எழுது, கண் மூடுவதற்குள் படிக்கவேண்டும் என்கிற பொருளில்.

சோசெகி எழுதவில்லை. எழுத ஆசைதான், வேலை அதிகம், பொறுத்துக்கொள் என்று பதில் போட்டார். அந்தப் பதிலில் கொஞ்சம் சாக்கும் கலந்திருந்தது என்று அவரே பிற்பாடு ஒப்புக்கொண்டிருக்கிறார். 1902 செப்டம்பர் 19 அன்று ஷிகி இறந்தார். வயது 35 முடியவில்லை. ஊருக்குக் கிளம்பும் சமயத்தில்தான் செய்தி லண்டனுக்கு வந்தது. டிசம்பர் 5 அன்று சோசெகி கப்பல் ஏறினார்.

அதற்குப் பிறகு நடந்தது ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். 1903-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கிய ஆசிரியரானார். அந்த அரையடிக் குறிப்புகள் முதலில் வகுப்புகளாகவும் 1907-ல் புத்தகமாகவும் வந்தன. மாணவர்களுக்கு அவ்வளவு ரசிக்கவில்லை. 1905-ல் ஒரு பூனை கதை சொல்வது போல விளையாட்டாக எழுதியதுதான் அவரை நாடறியச் செய்தது. அதுவும் ஷிகியின் அதே ஹோட்டோடோகிசு பத்திரிகையில்தான். 1907-ல் வாத்தியார் வேலையை விட்டுவிட்டு அசாஹி பத்திரிகைக்குப் போய் நாவல்களாக எழுதித் தள்ளினார். 1911-ல் லண்டனுக்கு அனுப்பிய அதே அமைச்சு டாக்டர் பட்டம் தந்தபோது வேண்டாம் என்று திருப்பிவிட்டார். 49 வயதில் வயிற்றுப் புண்ணில் போய்விட்டார்.

பூனைக் கதையின் இரண்டாம் பாகத்துக்கு 1906-ல் எழுதிய முன்னுரையில், ஷிகியின் அந்தக் கடிதத்தை முழுசாக எடுத்துப் போட்டிருக்கிறார். சிரிக்கச் சிரிக்க எழுதிய புத்தகத்துக்கு அப்படி ஒரு முன்னுரை. நண்பனைத் தானே கொன்றுவிட்டதாக அதில் சொல்கிறார்.

ஜப்பானில் என் அறையில் இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஹாஸ்டலில் மூன்று வருடம் என்னோடு இருந்த ரூம்மேட்டைப் பலருக்கு நினைவிருக்கும். தமிழ் மீடியத்திலிருந்து வந்த எனக்கு வைவாவுக்கு முந்தின ராத்திரியெல்லாம் ஆங்கில வாக்கியங்கள் சொல்லிக் கொடுத்தவன் அவன். நான் ஜப்பான் போன சமயம் அவனுக்கு வேலை போயிருந்தது, உடம்பும் சரியில்லை. நீளமாக ஒரு மெயில் போட்டிருந்தான். அந்த ஊர் ரயில் எப்படி இருக்கிறது, பனி விழுந்தால் எப்படி இருக்கும், எல்லாவற்றையும் விவரமாக எழுதுடா என்று. பிஸியாக இருக்கிறேன், அப்புறம் எழுதுகிறேன் என்று ஒரு வரி பதில் போட்டேன். முன்னுரையைப் படித்த பிறகு எழுதியது திரும்பி வந்துவிட்டது. போன் நம்பரும் மாறியிருந்தது.

இந்த மலரின் கடைசிப் பக்கங்களில் நம் பேட்ச் முகவரிப் பட்டியல் இருக்கிறது. அதில் அவன் பெயருக்கு எதிரே காலியாக விட்டிருக்கிறார்கள். யாருக்காவது தெரிந்தால் மலர்க்குழுவிடமோ என்னிடமோ சொல்லுங்கள். இரண்டு நாளும் நான் ஹாஸ்டல் பக்கம்தான் இருப்பேன். ரயிலையும் பனியையும் பற்றி எழுதிவைத்திருக்கிறேன், ஒன்பது பக்கம் வந்திருக்கிறது.