இரத்தம் செல்லும் வழியைக் கண்ட ஆலிம்: இமாம் இப்னு நஃபீஸ் (ரஹ்)



புகழ் அனைத்தும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே! இதை நீங்கள் வாசிக்கத் தொடங்கிய இந்த ஒரு நிமிடத்தில் உங்கள் இதயம் சுமார் 70 தடவை துடித்திருக்கும். 15 தடவை போல நீங்கள் மூச்சு விட்டிருப்பீர்கள். இதில் ஒன்றுக்காவது நீங்கள் உத்தரவு போட்டீர்களா? தூங்கும்போதும் நிற்காத இந்த வேலையை நடத்துபவன் ரப்புல் ஆலமீன்.

மூச்சைப் பற்றிப் பேச நம் ஊர்க்காரர்களுக்குக் காரணம் உண்டு. ராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணி எங்கெங்கோ உள்ள காயங்களுக்குக் கட்டுப்போடுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாவுக்காக விடியற்காலையிலேயே அடுப்பு மூட்டி, புகைக்கு நடுவே நின்று பால் கிண்டுகிறார்கள். பஞ்சுத் தூசியிலும் அடுப்புப் புகையிலும் ஹலாலான ரிஸ்க்கைத் தேடுகிற மக்கள் நாம். நாம் இழுக்கிற மூச்சு உள்ளே போய் என்ன ஆகிறது? அது இரத்தத்தை எந்த இடத்தில் சந்திக்கிறது? இந்தக் கேள்விக்கு உலகம் ஆயிரம் வருடங்களுக்கு மேல் தவறான பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தது. சரியான பதிலை எழுதி வைத்தவர், மத்ரஸாவில் ஷாஃபி ஃபிக்ஹ் பாடம் நடத்திய ஓர் ஆலிம். இந்த வாரம் அவருடைய வாழ்க்கையைப் பார்ப்போம்.

அவருடைய பெயர் அலாவுத்தீன் அலீ இப்னு அபில் ஹஸ்ம் அல்குறஷீ. இப்னு நஃபீஸ் என்றே உலகம் அவரை அறிகிறது. ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அதாவது கி.பி. 1210ஐ ஒட்டிய வருடங்களில், சிரியாவின் டமாஸ்கஸ் பகுதியில் பிறந்தார். அந்த நகரத்தில் சுல்தான் நூருத்தீன் ஸங்கி (ரஹ்) கட்டிய நூரிய்யா மருத்துவமனை இருந்தது. நோயாளிக்குச் சிகிச்சையும் மாணவருக்குப் பாடமும் ஒரே கூரையின் கீழ் நடந்த இடம் அது. அங்கே தக்வார் என்ற புகழ்பெற்ற உஸ்தாதின் மருத்துவப் பாடசாலையில் அவர் பயின்றார்.

பிறகு எகிப்துக்குப் போனார். கெய்ரோவில் ஒரு கையில் மருத்துவம், மறு கையில் ஷரீஅத். மஸ்ரூரிய்யா மத்ரஸாவில் ஃபிக்ஹ் கற்பித்தார். ஷாஃபி மத்ஹபின் உலமாக்களுடைய வரலாற்று நூல்களில் அவருக்கும் இடம் உண்டு. நாளடைவில் எகிப்தின் தலைமை மருத்துவராக உயர்ந்தார். சுல்தான் பைபர்ஸுக்கும் அவரே மருத்துவர். மார்க்கக் கல்வி வேறு, உலகக் கல்வி வேறு என்று நாம் இன்று போட்டு வைத்திருக்கும் சுவர் அவருடைய வீட்டில் இருக்கவில்லை.

அவர் வாழ்ந்த காலம் எப்படிப்பட்டது தெரியுமா? 1258ல் மங்கோலியர்கள் பக்தாதை அழித்தார்கள். நூலகங்கள் நாசமாயின. அதே தலைமுறையில் கெய்ரோவில் இந்த மனிதர் எழுதிக்கொண்டே இருந்தார். மருத்துவத்துக்கு ஷாமில் என்ற பேரில் 300 பாகங்கள் கொண்ட ஒரு நூலைத் திட்டமிட்டு, 80 பாகங்களை முடித்தார். எழுத உட்காருமுன் பேனாக்களைச் சீவி வைத்துவிடுவார்கள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, எந்த நூலையும் புரட்டாமல் மனதிலிருந்தே எழுதுவாராம். ஒருமுறை ஹம்மாமில் குளித்துக்கொண்டிருந்தவர் பாதியில் வெளியே வந்து, பேனாவும் மையும் காகிதமும் கேட்டு வாங்கி, நாடித் துடிப்பைப் பற்றி ஒரு கட்டுரையை எழுதி முடித்துவிட்டு, மீண்டும் உள்ளே போய்க் குளித்தார் என்று வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கேலன் என்ற கிரேக்க மருத்துவ மேதை இருந்தார். இதயத்தின் வலது கீழறைக்கும் இடது கீழறைக்கும் நடுவே உள்ள சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன, இரத்தம் அவற்றின் வழியே கசிந்து வலமிருந்து இடம் போகிறது என்பது அவருடைய கருத்து. பின்னால் வந்தவர்கள் அதையே பாடமாகப் படித்தார்கள். மருத்துவ உலகின் சக்கரவர்த்தியான இப்னு ஸீனாவின் கானூன் நூலும் அந்தப் பழைய அடித்தளத்தின் மேல்தான் நின்றது.

1242ல், முப்பது வயதை ஒட்டிய இப்னு நஃபீஸ், கானூனின் உடற்கூறு பகுதிக்கு ஒரு விரிவுரை எழுதினார். அதில் தெளிவாகச் சொன்னார்: அந்தச் சுவர் கனமானது, கெட்டியானது, அதில் துளை எதுவும் கிடையாது. அப்படியானால் இரத்தம் எப்படி இடது பக்கம் போகிறது? வலது கீழறையிலிருந்து நுரையீரலுக்குப் போகிறது. அங்கே காற்றோடு கலந்து தெளிவாகிறது. பிறகு இன்னொரு குழாய் வழியே இதயத்தின் இடது பக்கம் வந்து சேருகிறது. நுரையீரலுக்குள் போகும் குழாய்க்கும் திரும்பி வரும் குழாய்க்கும் இடையில் நுண்ணிய வழிகள் இருக்க வேண்டும் என்றும் எழுதினார்.

அந்த நுண்ணிய வழிகளைத் தந்துகிகள் என்று இன்று நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். 1661ல் இத்தாலியின் மால்பீகி என்ற விஞ்ஞானி நுண்ணோக்கியில் அவற்றைக் கண்ணால் கண்டார். ஐரோப்பாவில் நுரையீரல் வழியான ஓட்டத்தைச் செர்வீட்டஸ் எழுதியது 1553ல். உடல் முழுவதற்குமான இரத்த ஓட்டத்தை ஹார்வி நிறுவியது 1628ல். இப்னு நஃபீஸ் எழுதியதோ நூலகங்களில் தூசி படிந்து கிடந்தது. 1924ல் தத்தாவி என்ற எகிப்திய மருத்துவர் ஜெர்மனியில் ஆய்வு செய்துகொண்டிருந்தபோது பெர்லின் நூலகத்துக் கையெழுத்துப் பிரதியில் அதைப் பார்த்து உலகுக்குச் சொன்னார். ஏறக்குறைய 700 வருடங்கள் கழித்து!

சகோதரர்களே, இதிலிருந்து நமக்கு என்ன பாடம்? இப்னு நஃபீஸ் பெரியவர்களை அவமதிக்கவில்லை. இப்னு ஸீனாவின் அதே கானூனை மாணவர்களுக்காகச் சுருக்கி மூஜஸ் என்ற நூலாகத் தந்தவரும் அவர்தான். நம் இந்திய நாட்டின் யூனானிக் கல்வியிலும் அது பாடமாக இருந்தது. ஆனால் பெரியவர் சொன்னார் என்ற ஒரே காரணத்துக்காக, இல்லாத துளையை இருக்கிறது என்று அவர் எழுதவில்லை. மரியாதை ஓர் அமானத். உண்மையும் ஓர் அமானத். இரண்டையும் காப்பாற்றினார்.

இதை நம் வாழ்க்கையில் வைத்துப் பாருங்கள். நம் நுரையீரலில் சுமார் 30 கோடிக் காற்றறைகள் உள்ளன. ஒவ்வொன்றையும் சுற்றித் தந்துகி வலை. அந்த மெல்லிய சுவரில்தான் காற்றும் இரத்தமும் கொடுத்து வாங்குகின்றன. மில்லில் புளோ ரூமிலும் கார்டிங்கிலும் வேலை செய்பவர் வருடக்கணக்கில் பஞ்சுத் தூசியை இழுத்தால் மூச்சுக்குழாய்கள் இறுகத் தொடங்கும். விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு பிடிப்பது அதன் ஆரம்ப அடையாளம். இந்த வேலை என்றால் இருமல் இருக்கத்தான் செய்யும் என்று பழையவர்கள் சொல்லியிருப்பார்கள். அதை அப்படியே விடாதீர்கள். முகக்கவசம் போடுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். அதோடு பீடியும் சேர்ந்தால் அல்லாஹ் தந்த அமானத்துக்கு நம் கையாலேயே நெருப்பு வைக்கிறோம்.

இன்னொரு விஷயம் நம் வீட்டுக் கல்யாணம். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் முடிப்பது நம் பகுதியில் காலங்காலமான வழக்கம். நம் மார்க்கம் அதை அனுமதித்திருக்கிறது, கட்டாயமாக்கவில்லை. தலசீமியா என்ற இரத்த நோயை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குறையுள்ள மரபணு ஒருவரிடம் ஒன்று மட்டும் இருந்தால் அவர் நல்ல சுகமாகவே இருப்பார், அவருக்கே தெரியாது. கணவன், மனைவி இருவரிடமும் அது இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஒரே பாட்டன் பாட்டியின் பேரப்பிள்ளைகள் மணந்துகொள்ளும்போது இருவரிடமும் ஒரே குறை இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. கடுமையான தலசீமியா உள்ள குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை ஆயுள் முழுக்க இரத்தம் ஏற்ற வேண்டும். நிகாஹ் பேசுமுன் ஓர் இரத்தப் பரிசோதனை செய்தால் இது தெரிந்துவிடும்.

அப்படி ஒரு குழந்தை பிறந்துவிட்டால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பெற்ற தாயைக் குறை சொல்கிறார்கள், ராசியில்லாதவள் என்கிறார்கள். நஊது பில்லாஹ்! இந்த நோய்க்கான மரபணு தந்தையிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று வருகிறது. நபி (ஸல்) அவர்களிடம் ஒரு கிராமவாசி வந்து, தம் மனைவி கறுப்பு நிறக் குழந்தையைப் பெற்றிருக்கிறாள் என்று சந்தேகத்தோடு முறையிட்டார். நாயகம் (ஸல்) அவர்கள் அவருடைய ஒட்டகங்களின் நிறத்தை விசாரித்தார்கள். சிவப்பு ஒட்டகங்களுக்கு நடுவே சாம்பல் நிறக் குட்டி எப்படி வந்தது என்று கேட்டார்கள். ஏதோ ஒரு பழைய பரம்பரை வேர் இழுத்திருக்கலாம் என்று அவரே ஒப்புக்கொண்டபோது, உம் குழந்தையையும் அப்படியே வைத்துக்கொள்ளும் என்று விளக்கினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் செய்தி இது. அந்த ஹதீஸில் வரும் இர்க் என்ற அரபுச் சொல்லுக்கு இரத்தக்குழாய், வேர், வம்சம் என்று பல பொருள்கள் உண்டு. ஒரு பெண்ணின் மானத்தை நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வளவு அழகாகக் காப்பாற்றினார்கள் பாருங்கள்! தாயைப் பழிக்கும் நாவுக்கு இதைவிட வேறு என்ன பதில் வேண்டும்?

இறுதியாக இப்னு நஃபீஸ் (ரஹ்) அவர்களின் கடைசி நாட்கள். எண்பது வயதை நெருங்கி நோயில் படுத்தார். மருந்தாகக் கொஞ்சம் மது அருந்தும்படி மருத்துவ நண்பர்கள் யோசனை சொன்னார்கள். உடலில் மதுவை வைத்துக்கொண்டு தம் ரப்பைச் சந்திக்க விரும்பவில்லை என்று அவர் மறுத்துவிட்டார். இரத்தம் எந்த வழியே போகிறது என்று உலகுக்குச் சொன்னவர், தம் இரத்தத்தில் ஹராம் கலக்காமல் பார்த்துக்கொண்டார். தம் வீட்டையும் நூலகத்தையும், சுல்தான் கலாவூன் கெய்ரோவில் கட்டிய மன்ஸூரி மருத்துவமனைக்கு வக்ஃபு செய்தார். ஹிஜ்ரி 687 துல்கஅதா 21ல், கி.பி. 1288 டிசம்பர் 17ல், ஒரு வெள்ளிக்கிழமையன்று வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

நம்மிடம் வக்ஃபு செய்ய வீடோ நூலகமோ இல்லாமல் இருக்கலாம். உடலில் ஓடும் சுமார் 5 லிட்டர் இரத்தம் எல்லோரிடமும் இருக்கிறது. ஆரோக்கியமுள்ள ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் இரத்த தானம் செய்யலாம். தலசீமியாவோடு போராடும் ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளைக்கு அது போய்ச் சேரும். இந்த வாரமே நிய்யத் வையுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் மூச்சையும் இரத்தத்தையும் ஹராமிலிருந்து காப்பாயாக! தூசியிலும் புகையிலும் உழைக்கும் எங்கள் மக்களுக்கு ஆஃபியத்தைத் தருவாயாக! நோயுற்ற பிள்ளைகளுக்கு ஷிஃபாவையும் அவர்களின் தாய்மார்களுக்குப் பொறுமையையும் தருவாயாக! எங்கள் பிள்ளைகளில் இருந்து இப்னு நஃபீஸ் போன்ற ஆலிம்களை உருவாக்குவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.