கறியையும் மதுவையும் விட்ட இத்தாலி சுவாமி

அவர் ஒரு வெள்ளைக்காரர். ஆனால் காவி உடை உடுத்தினார். காலில் பாதக்குறடு போட்டு நடந்தார். ஒரு நாளைக்கு ஒரே வேளைதான் சாப்பிட்டார். அதுவும் என்ன சாப்பாடு? சோறு, பால், காய்கறி! கறி கிடையாது. மீன் கிடையாது. முட்டை கிடையாது. மது கிடையவே கிடையாது.

இது நடந்தது சுமார் 400 ஆண்டுகளுக்கு முன்பு, மதுரை நகரில். அவர் பெயர் ராபர்ட் டி நொபிலி. தமிழ் மக்கள் அவரைத் தத்துவ போதகர் என்று அழைத்தார்கள்.

அவர் பிறந்த குடும்பத்தின் ஊர் எது என்று தெரிந்தால் இன்னும் ஆச்சரியப்படுவீர்கள். மதுவுக்கே பெயர்போன ஊர் அது!

மலை மேல் ஒரு ஊர்

இத்தாலி தேசத்தில் டஸ்கனி என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே சுமார் 600 மீட்டர் உயரத்தில், மலை முகட்டில் அமைந்த ஊர் மொந்தேபுல்சியானோ. மலைச் சரிவு எங்கும் திராட்சைத் தோட்டம். பழத்தைப் பிழிந்து, ரசத்தைப் புளிக்க வைத்து, பெரிய மரப் பீப்பாய்களில் ஊற்றி வைப்பார்கள். பெரிய மாளிகைகளின் அடியில் பாறையைக் குடைந்த நிலவறைகள் உண்டு. பீப்பாய்கள் அங்கேதான் இருக்கும். குறைந்தது 2 ஆண்டுகள் வைத்திருந்த பிறகே விற்க வேண்டும் என்பது இன்றைய சட்டம்.

அந்த ஊர்ச் சாப்பாடும் தனி. ரொட்டியில் உப்புப் போட மாட்டார்கள். கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கையாலேயே உருட்டி நீள நீளமாகத் திரிப்பார்கள். நம் இடியாப்ப இழையைவிட நல்ல தடிமன். அதற்குப் 'பீச்சி' என்று பெயர். செம்மறி ஆட்டுப் பாலில் செய்த பாலாடைக் கட்டி உண்டு. ஆலிவ் எண்ணெய் உண்டு. அடுத்துள்ள கியானா பள்ளத்தாக்கின் பெரிய வெள்ளை மாடுகள் உழவுக்கும் உதவும், இறைச்சிக்கும் உதவும்.

இந்த ஊரின் பிரபுக் குடும்பம் ஒன்றில் 1577-ல் தோன்றியவர்தான் நொபிலி. நொபிலி என்ற சொல்லுக்கு மேன்மக்கள் என்று பொருள். குடும்பம் போப்பாண்டவர் வரை செல்வாக்கு உள்ளது. ஆனால் அவர் அந்தச் செல்வாக்கை விரும்பவில்லை. சேசு சபையில் சேர்ந்து துறவியானார். கப்பல் ஏறி 1605-ல் கோவாவுக்கு வந்து சேர்ந்தார். அப்போது வயது 27.

முத்துக் கரையில் தமிழ்

தமிழ் படிப்பதற்காக அவரை அனுப்பிய இடம் எது தெரியுமா? நம் தூத்துக்குடிச் சீமைதான்! வேம்பாறு முதல் மணப்பாடு வரை உள்ள முத்துக் குளிக்கும் கரை அது. அங்கே பரதவ மக்கள் 1530-களிலேயே கிறிஸ்தவர்களாகி இருந்தார்கள். போர்த்துக்கீசியரின் கப்பல்கள் வந்து போய்க் கொண்டிருந்தன. கடலில் மூழ்கி முத்தும் சங்கும் எடுக்கும் அந்த மக்கள் நடுவில் சில மாதங்கள் தங்கி, நொபிலி தமிழ் பேசப் பழகினார்.

1606 நவம்பரில் மதுரைக்குப் போனார். அது நாயக்க மன்னர்களின் ஆட்சிக் காலம். பெர்னாண்டஸ் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் 1595 முதல் அங்கே இருந்தார். நல்லவர்; உழைப்பாளி. ஆனாலும் உள்ளூர் மக்கள் அவரிடம் நெருங்கவில்லை.

காரணம் என்ன? நொபிலி கவனித்துப் பார்த்தார். காரணம் சாப்பாட்டில் இருந்தது! போர்த்துக்கீசியரைப் பறங்கி என்று மக்கள் அழைத்தார்கள். பறங்கி என்றால் மாட்டுக் கறி தின்பவன், மது குடிப்பவன், குளிக்காதவன் என்று முகம் சுளித்தார்கள். பறங்கியின் மதத்தில் சேர்ந்தால் தாங்களும் அப்படி ஆக வேண்டும் என்று நினைத்தார்கள்.

இலையை மாற்றினார்

நொபிலி ஒரு முடிவுக்கு வந்தார். மதம் வேறு, பறங்கிப் பழக்கம் வேறு என்று காட்ட வேண்டும். அதைப் பேச்சில் காட்டினால் போதாது. இலையில் காட்ட வேண்டும்!

பெர்னாண்டஸின் வீட்டை விட்டு வெளியேறினார். அந்தணர் வாழும் பகுதியில் மண் குடிசையில் குடியேறினார். அந்தணர் ஒருவரைச் சமையலுக்கு வைத்துக் கொண்டார். அன்று முதல் சைவச் சாப்பாடுதான். பூசையில் மட்டும் திராட்சை ரசம் வேண்டும். அது கிறிஸ்தவக் குருவின் கடமை. சாப்பாட்டுக்கு மது இல்லை.

சிவதருமர் என்ற பண்டிதரிடம் சமஸ்கிருதம் கற்றார். கற்றவர்கள் அவரைத் தேடி வந்து வாதம் செய்தார்கள். சிலர் சீடர்களாகவும் ஆனார்கள். ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம் முதலிய நூல்களைத் தமிழ் உரைநடையில் எழுதினார்.

இழந்தது என்ன?

ஆனால் இதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. ஒரே சபை, ஒரே நகரம். இருந்தும் பெர்னாண்டஸும் அவரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ண முடியவில்லை. தமிழ் கற்றுத் தந்த முத்துக் கரை மக்களும் பறங்கிகளோடு சேர்ந்தவர்கள் என்று எண்ணப்பட்டார்கள். ஆகவே அவர்களிடமிருந்தும் அவர் விலகி நின்றார். சாதி வேலியைத் தாண்டி உள்ளே போனவர், அந்த வேலியை அப்படியே விட்டு விட்டார். இது அவர் மீது இன்றும் சொல்லப்படும் குறை.

1610-ல் பெர்னாண்டஸ் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். 1619-ல் கோவாவில் விசாரணை நடந்தது. விஷயம் ரோமாபுரி வரை போயிற்று. பூணூல், குடுமி, சந்தனம், குளியல் எல்லாம் பெரிய வழக்காயின! கடைசியில் 1623 ஜனவரி 31-ந் தேதி போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரியார் நொபிலிக்கு அனுமதி அளித்தார்.

1640-ல் அவருடைய சபை ஒரு புது வழி கண்டது. எல்லாச் சாதியாரிடமும் போய்ப் பழகக் கூடிய பண்டார சுவாமி என்ற துறவிகளை ஏற்படுத்தியது. அதே ஆண்டில் மதுரையில் நொபிலி சிறையும் கண்டார்.

முதுமையில் கண் பார்வை மங்கியது. அவரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து மயிலாப்பூருக்கு வந்தார். அங்கும் எளிய குடிசை, எளிய சாப்பாடு. 1656 ஜனவரி 16-ந் தேதி, 78-வது வயதில் கண் மூடினார். சொந்த நாட்டுக்கு அவர் திரும்பவே இல்லை.

இன்று மொந்தேபுல்சியானோவின் மது உலகெங்கும் விற்பனையாகிறது. அதன் பெயர் 'வீனோ நோபிலே'. உயர்ந்த மது என்று பொருள். நொபிலியின் பெயரில் உள்ள அதே சொல்தான்! நம் சமையல் அறையிலும் பறங்கி என்ற சொல் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்த பறங்கிக்காயை இன்று யாரும் அந்நியம் என்று ஒதுக்குவதில்லை. விருந்துச் சாம்பாரிலும் போடுகிறோம்.

சாப்பாட்டை வைத்து மனிதரை ஒதுக்கும் வழக்கத்துக்கு நொபிலி பணிந்து போனார். அந்த வழக்கத்தையே ஒழிக்கும் வேலையை அவர் நமக்கு விட்டுப் போயிருக்கிறார்.