பகலில் கோர்ட்டு, இரவில் நாடகம்! "கூத்தாடி" கேலியை மாற்றிய பம்மல் முதலியார்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து குன்றத்தூர் வழியாகப் பல்லாவரம் போகிற சாலையில் வருகிற ஊர், பம்மல். இந்த ஊர்ப் பெயரைத் தமிழ்நாடு முழுக்கத் தெரிய வைத்தவர், சம்பந்த முதலியார்.

சென்னையில் 1873-ல் பிறந்தார். சின்ன வயதில் தமிழ் நாடகம் என்றாலே அவருக்கு ஆகாது!

1891-ல் பல்லாரி கிருஷ்ணமாச்சார்லு கோஷ்டி சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகம் போட்டது. மேடையில் நின்றவர்கள் படித்தவர்கள், உத்தியோகஸ்தர்கள். பார்த்த முதலியார் அசந்து போனார். அதே வருஷம் நண்பர்களோடு சேர்ந்து "சுகுண விலாச சபா"வைத் தொடங்கிவிட்டார்.

அது, நடிகனைக் "கூத்தாடி" என்று ஏளனம் செய்த காலம். படித்த பிள்ளை அரிதாரம் பூசினால் குடும்ப மானம் போச்சு என்பார்கள். முதலியார் மசியவில்லை. வக்கீல் ஆனார், ஸ்மால் காஸ் கோர்ட்டு நீதிபதியும் ஆனார். நாடகத்தை மட்டும் விடவில்லை.

பெண் வேடமும் ஆண்களே போட்டார்கள். முதலியார் கதாநாயகன் என்றால், கதாநாயகி பெரும்பாலும் நண்பர் ரங்கவடிவேலுதான்!

ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட், "அமலாதித்யன்" ஆனது. மாக்பெத், "மகபதி" ஆனது. சொந்தமாக எழுதிய "மனோகரா" ஊர் ஊராக மேடை ஏறியது. 1954-ல் சிவாஜி நடித்த படமாகவும் வந்தது.

கேலிக்கு ஆளான அதே நாடகத்துக்காக, 1959-ல் பத்மபூஷண் விருது தேடி வந்தது. 1964-ல், 91 வயதில் மறைந்தார்.

ஆபீஸ் முடிந்து ஒத்திகைக்கு ஓடுகிற அமெச்சூர் நடிகர்களுக்குப் பாதை போட்டுக் கொடுத்தவர் இந்தப் பம்மல்காரர்தான்!