கார்த்தேசு நகரத்துத் தெர்த்தூலியன்

இன்றைய தூனிசியா நாட்டின் கடற்கரையிலே, உரோமப் பேரரசின் ஆபிரிக்க மாகாணத்திற்குத் தலைநகராய் விளங்கியது கார்த்தேசு. கி.பி. 160 ஆம் ஆண்டளவில் அந்நகரிற் பிறந்தவர் தெர்த்தூலியன். கிரேக்கமும் இலத்தீனும் சொல்வன்மையும் கைவரப்பெற்ற பின்னரே அவர் கிறித்தவரானார். அக்காலத்திற் கிறித்தவராதல் உயிரைப் பணயம் வைத்தலாகும். 180 இல் சில்லியம் என்னும் ஊரினர் பன்னிருவர் கார்த்தேசில் வாளால் வெட்டுண்டு மாண்டனர். 203 இல் பெர்ப்பெத்துவா என்னும் இளந்தாயும் பெலிசித்தா என்னும் அடிமைப்பெண்ணும் அரங்கிலே விலங்குகளுக்கு முன் விடப்பட்டனர்.

கிறித்தவர் இரவிற் கூடிக் குழந்தைகளை உண்கின்றனர், முறைகெட்டுப் புணர்கின்றனர் என்பது ஊரார் பழி. 197 இல் தெர்த்தூலியன் மாகாண அதிபர்களை நோக்கி ஒரு மறுப்புநூல் எழுதினார். கிறித்தவரைத் தேடிப் பிடித்தல் ஆகாது, முறைப்பாடு வரின் தண்டித்தல் வேண்டும் என்பது திராயன் பேரரசன் வகுத்த விதி. குற்றவாளிகளாயின் தேடாதிருப்பது ஏன், குற்றமற்றவராயின் தண்டிப்பது ஏன் என்று அவர் வினவினார். ஏனையோரை உண்மை சொல்லுமாறு வதைக்கும் நீதிமன்றம், கிறித்தவரை மட்டும் பொய் சொல்லுமாறு வதைக்கின்றது என்றும் எள்ளினார். நியாயவாதியோ அல்லரோ, வாதம் அவர்க்குக் கைவந்த கலை.

துன்புறுத்தியோர் இறுதித் தீர்ப்புநாளில் எரிவதைக் கண்டு மகிழ்வதாக அவர் தம் மற்றொரு நூலிற் காட்டும் பகுதி, படிப்போர் நெஞ்சைக் கூசச் செய்யும். அந்தத் தீர்ப்பின் நினைவே அவரை வரவரக் கடுமையாக்கியது என்பது எம் கருத்து. 207 ஆம் ஆண்டளவில், பிரிகியாவில் எழுந்த மொந்தானு இயக்கத்தை அவர் சார்ந்தார். கலாபனைக்கு அஞ்சி ஓடலாம் என்று முன்னர் எழுதியவர், ஓடலாகாது என்றார். ஞானஸ்நானத்தின் பின் ஒரு மனந்திரும்புதலுக்கு இடமுண்டு என்றவர், பின்னர் அந்த வாயிலையும் அடைத்தார். கைம்மையுற்றோர் மறுமணமும் விபசாரத்திற்கு இணையாயிற்று.

பிறன்மனை நயந்தோரும் நோன்பிருந்து சபைக்குத் திரும்பலாம் என்று ஆயர் ஒருவர் அறிவித்தபோது, அவர் சினம் எல்லை மீறியது. அவ்வாயர் உரோமரா கார்த்தேசு நகரத்தவரா என்பதில் அறிஞர் ஒருமித்திலர். காணாமற்போன ஆடும் ஊதாரி மைந்தனும் புறச்சமயத்தாரையே குறிக்கும், ஞானஸ்நானம் பெற்றபின் வழுவினோரைக் குறியா என்று தெர்த்தூலியன் பொருள் கொண்டார். இவ்வுரை வலிந்து கொண்டதே. ஆயின் அவருடைய வேறொரு வினா எளிதில் தள்ளற்பாலதன்று: வதை பொறாது கிறித்துவை மறுத்தவனுக்கு மன்னிப்பில்லை; இன்பத்தை நாடித் தானே வீழ்ந்தவனுக்கு மட்டும் உண்டோ?

220 இற்குப் பின் அவரைப்பற்றிய செய்தி இல்லை. 250 இல் தேசியு மன்னன் எல்லோரும் தேவர்க்குப் பலியிடுமாறு ஆணையிட்டான். கார்த்தேசிற் பெருந்தொகையினர் பலியிட்டனர். சிலர் பலியிட்டதாகப் பொய்ச்சீட்டு வாங்கினர். அப்போது ஆயராயிருந்த சிப்பிரியன், தெர்த்தூலியனைப் படியாமல் ஒருநாளும் கழித்திலர் என்று செரோம் முனிவர் எழுதியுள்ளார். அச்சிப்பிரியன் ஆசானின் வாதத்தையே திருப்பிப் பிடித்தார். தன் விருப்பாற் பிழைத்த விபசாரிக்கே சபை கதவு திறக்குமாயின், அச்சத்தாற் சீட்டு வாங்கியவனுக்கு அதனை அடைத்தல் எங்ஙனம் என்றார். 251 இற் கூடிய ஆயர் மன்றம் சீட்டு வாங்கியோரை ஏற்றது. பலியிட்டோர்க்கு நீண்ட தவம் விதித்தது. சிப்பிரியனும் 258 இல் வாளுக்கு இரையானார்.

தெர்த்தூலியன் பெயரால் ஒரு சிறுகூட்டம் கார்த்தேசில் ஏறத்தாழ இருநூறாண்டு தனித்து வாழ்ந்தது. அகுஸ்தீனார் காலத்தில் எஞ்சியோர் தம் கோயிலைப் பொதுச்சபையிடம் ஒப்படைத்து அதனுடன் இணைந்தனர்.