யார் இந்த சுப்பாராவ்? தொட்டாலே உடையும் மூலக்கூறைப் பிடித்த மெட்ராஸ் மாணவர்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிப்ட் முடித்து ஜிம்முக்குப் போகிற பலருக்கு கிரியேட்டின் பவுடர் பழக்கமான பெயர். அது உடம்புக்குள் போய் தசையில் பாஸ்போகிரியேட்டின் என்ற வடிவில் சேர்கிறது. அந்தப் பொருளைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவர் மெட்ராஸில் படித்தவர்: எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895-ல் அன்றைய மெட்ராஸ் மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேறியது மூன்றாவது முயற்சியில்தான். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் கதர் அணிந்து போனது அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். மட்டுமே கிடைத்தது. சென்னையில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் கொஞ்ச காலம் பாடம் நடத்தினார். 1922-ல் பாஸ்டன் போனவர், செலவுக்காக ஆஸ்பத்திரியில் நைட் போர்ட்டர் வேலை பார்த்தார்.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து, பாஸ்பரஸை அளக்க ஒரு முறையை உருவாக்கினார். 1925-ல் வெளியானது. மாதிரியில் பாஸ்பேட் இருந்தால் கரைசல் நீலமாகும், அவ்வளவுதான் விஷயம். ஆனால் தசைச் சாற்றில் மட்டும் நீலம் மெதுவாக, தாமதமாக ஏறியது. ஏதோ கலப்படம் என்று ஒதுக்கிவிட்டுப் போயிருக்கலாம். இருவரும் விடவில்லை.

காரணம் சுவாரசியமானது. தசையில் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்திருந்த ஒரு பொருள், சோதனைக்கு ஊற்றிய அமிலத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக உடைந்துகொண்டிருந்தது. அதற்கு முந்தைய சோதனைகள் அதை உடைத்துவிட்டு, உதிர்ந்த பாஸ்பேட்டை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தன. அதாவது, அளப்பதே அழிப்பதாக இருந்தது! அந்தப் பொருள்தான் பாஸ்போகிரியேட்டின். 1927-ல் அறிவித்தார்கள். தசை வேலை செய்தால் குறைகிறது, ஓய்வில் திரும்ப ஏறுகிறது. தசைக்கு சக்தி தருவது லாக்டிக் அமிலம் உருவாவதுதான் என்ற அன்றைய கொள்கை இதனால் ஆட்டம் கண்டது. 1929-ல் ஏடிபி-யையும் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதைக் கண்டுபிடித்திருந்தார்.

சரி, சோதனைக் குழாயில் இவ்வளவு சீக்கிரம் உடைகிற பொருட்களை உயிர்கள் எப்படிக் காப்பாற்றுகின்றன? இதற்கு நல்ல உதாரணம், கொதிநீர்ச் சூட்டில் வாழும் பைரோகாக்கஸ் நுண்ணுயிரி. அதற்குத் தேவையான கார்பமாயில் பாஸ்பேட்டும் ஒரு பாஸ்பேட் சேர்மம்தான். 100 டிகிரியில் அது சில வினாடிகள்கூடத் தாங்காது. உடைந்தால் நச்சான சயனேட் வரும். அதனால் அதைத் தயாரிக்கும் என்சைமும் அடுத்துப் பயன்படுத்தும் என்சைமும் ஒட்டி நின்று, பொருளை வெளியே விடாமல் நேரடியாகக் கைமாற்றுகின்றன. அசெம்பிளி லைனில் பாகத்தை ஸ்டோருக்கு அனுப்பாமல் பக்கத்து ஸ்டேஷனுக்கே தருவதுபோல. இதெல்லாம் சுப்பாராவ் காலத்துக்கு ரொம்பப் பிந்தி தெரியவந்தது.

ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. இத்தனைக்கும் அவர் பெயரிலான பாஸ்பரஸ் சோதனை உலகமெங்கும் பயன்பட்டது. 1940-ல் லெடர்லி ஆய்வகத்துக்கு மாறினார். ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்ததும், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு சிட்னி ஃபார்பர் கொடுத்துப் பார்த்த மருந்தும் அவர் வழிநடத்திய குழுவின் வேலை. 1948 ஆகஸ்டில், 53 வயதில் இறந்தார். யானைக்கால் நோய்க்கு இன்றும் தரப்படும் டிஇசி மாத்திரையும் அந்தக் குழுவிலிருந்து வந்ததுதான்.